அடைத்த பல்

குழந்தைசாமி கூழ் வேண்டாமென்று சொன்ன அன்றைக்குத்தான் அம்சவள்ளிக்கு முதல் பயம் பிடித்தது.

சோறு வேண்டாமென்று சொல்லியிருந்தால் அவள் கண்டுகொண்டிருக்க மாட்டாள். குழம்பில் உப்பு தூக்கல் என்றோ, கருவாட்டில் மண் என்றோ ஏதாவது ஒரு நொட்டை சொல்லித் தட்டைத் தள்ளிவிடுகிற ஆள்தான். கூழ் கதை வேறு. விடியலில் உப்பளத்தில் இறங்கி, வெயில் ஏறும்வரை குனிந்த முதுகு நிமிராமல் உப்பு வாரிவிட்டு வரப்பில் வந்து குந்துகிறவனுக்கு, ஈரத்துணி சுற்றின தூக்குவாளியில் சில்லென்று இருக்கும் கேழ்வரகுக் கூழ்தான் உயிர். மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டிருப்பாள். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாளியின் அடியை விரலால் வழித்து நக்குவான். அதைப் பார்த்து மற்ற பெண்கள் சிரிப்பதும், அவன் அதற்காகவே இன்னொரு தரம் நக்கிக் காட்டுவதும் அந்த வரப்பில் தினமும் நடக்கிற கூத்து.

அன்றைக்கு ஒரு வாய்தான் வைத்தான். முகம் கோணியது. கண்ணை இறுக மூடிக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, வாயில் இருந்ததை விழுங்கினானா துப்பினானா என்று தெரியாதபடி முதுகைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னாங்க? கல்லு கில்லு இருந்துச்சா?"

"ஒண்ணுமில்ல. வயிறு திம்முனு இருக்குது. நீ குடி."

"வெறும் வயித்துல வந்த மனுஷனுக்கு வயிறு எப்படிங்க திம்முனு இருக்கும்?"

"ஏய், உன்னக் குடின்னேன்ல?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயோடு சேர்த்து முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, உப்பு வாரும் பலகையைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிட்டான். மரக்காணம் உப்பளத்தில் கோடையில் துண்டு கட்டாத முகம் கிடையாது. கீழே வெள்ளை, மேலே வெள்ளை, நடுவில் நிற்கிறவன் கண்ணும் தோலும் எரியும். அதனால் அவன் எதையோ மறைக்கிறான் என்று யாருக்கும் தோன்றவில்லை. அம்சவள்ளிக்கு மட்டும் தோன்றியது.

ஏனென்றால் சவரிமுத்துவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

சவரிமுத்து குழந்தைசாமியின் தம்பி. அண்ணனும் தம்பியும் ஒரே அளத்தில் வேலை செய்தார்கள், ஒரே பொட்டலத்தில் புகையிலையைப் பிரித்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்கள். அது வாயில் இருந்தால் தாகம் தெரியாது, குனிந்த முதுகு வலிக்காது என்பார்கள். முதலில் சவரிமுத்துவுக்குக் காரம் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு வாய் எரிந்தது. கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு. அது என்னவென்று புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. கல்யாணம் கட்டாமலே இருந்தவனுக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தது குழந்தைசாமியின் மகள் செல்விதான். பள்ளிக்கூடம் முடித்த கையோடு போனவள், சித்தப்பாவின் கன்னத்தில் துணி வைத்துக் கட்டி, குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றி, கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்தாள். அடக்கத்தன்று ஆளுக்கொரு பிடி மண் போட்டபோது குழந்தைசாமி மண்ணோடு சேர்த்துத் தன் மடியிலிருந்த பொட்டலத்தையும் குழிக்குள் போட்டான். ஊரே பார்த்தது. மகள் கையில் அடித்துச் சத்தியமும் செய்தான்.

அப்படி விட்டவனுக்கு ஏன் வரவேண்டும்? இதைத்தான் அன்று முழுக்க உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தபடி அம்சவள்ளி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆண்கள் பாத்தியில் வாரி ஓரத்தில் கூட்டிவைப்பதை, தண்ணீர் வடிந்ததும் பெண்கள் கூடையில் அள்ளி மேட்டில் கொண்டுபோய்க் கொட்டி அம்பாரம் குவிக்க வேண்டும். ஈர உப்பு கல்லைவிடக் கனம். கூடையிலிருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கும். மற்ற நாளில் அதைத் துடைப்பதற்கென்றே நடுவில் கொஞ்சம் நிற்பாள். அன்று எதுவும் உறைக்கவில்லை.

பின்னால் வந்த மலர்கொடிதான் பேச்சுக் கொடுத்தாள்.

"இன்னாக்கா, உப்பக் கொட்டிட்டு வெறுங்கூடையோட அங்கயே நிக்கிற?"

"அவுரு கூழு குடிக்கலடி."

"அட, இதுக்கா? பல்லு வலியா இருக்கும்."

"பல்லு வலின்னா சொல்ல மாட்டாரா?"

"அதுவும் சரிதான். ஆம்பளைக்குப் பல்லு வலின்னா ஊரக் கூட்டிருவானுங்களே. வாயத் தொறக்காம இருக்குறாருன்னா..." என்று இழுத்தவள், அம்சவள்ளியின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் ஒரு கிறுக்கி. நீ வாக்கா, மேஸ்திரி பார்க்குறாரு."

சாயங்காலம் வீட்டில் அவள் வேண்டுமென்றே மிளகாய் தூக்கலாக நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு செய்தாள். சோதனைதான். குழந்தைசாமி தொக்கைத் தொடவே இல்லை. சோற்றில் வெந்நீரை ஊற்றிப் பிசைந்து, ஒரு பக்கமாக மென்று விழுங்கினான். அவள் எதிரில் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். உதட்டைப் பிரிக்காமல் தின்பதற்கு அந்த மனுஷன் எங்கே கற்றுக்கொண்டான் என்று ஆச்சரியமாக இருந்தது.

"வாயில இன்னாங்க?"

"சூடு. வெயிலு."

"கொஞ்சம் காட்டுங்களேன்."

"நீ இன்னா டாக்டரா?"

அந்த நேரம் பார்த்துச் செல்வி போன் செய்தாள். திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நிறைமாதம். பிரசவத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

"அம்மா, அப்பா கிட்ட சொல்லிட்டியா? நான் வந்ததும் வாயத் தொறந்து காட்டணும்."

"அவுருதான் எப்பவோ உட்டுட்டாரே செல்வி."

"பல்லுல கறை அப்படியே இருக்குதே? கேட்டா பழைய கறை, போவாதுங்கறாரு. பழசா புதுசான்னு எனக்குத் தெரியும்மா. போன வாரமே அவுரு கிட்ட சொல்லிட்டேன், போயில வாசனை வந்துச்சு, என் குழந்தைய அவுரு கையில குடுக்க மாட்டேன். ஆமா."

சொன்னது குழந்தைசாமிக்கும் கேட்டிருக்கும். எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டான். அம்சவள்ளி மகளிடம் கூழ் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்து, வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் எதற்கு என்று அடக்கிக்கொண்டாள். அப்படி அடக்கிக்கொண்டது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. சொல்லாமல் மறைக்கிற அளவுக்குப் பெரிய விஷயம் ஆகிவிட்டதே.

மறுநாள் காலையில்தான் அது வெட்டவெளிச்சமானது. வார்த்தைக்குச் சொல்லவில்லை, நல்ல வெயிலில்தான் நடந்தது. குழந்தைசாமி பலகையை வெடுக்கென்று இழுத்தபோது பாத்தியின் உப்புத் தண்ணீர் தெறித்து, துண்டு நழுவியிருந்த வாயில் அடித்தது. "ஐயோ அம்மா" என்று ஒரு சத்தம். பலகையைப் போட்டுவிட்டுப் பாத்திக்குள்ளேயே மண்டிபோட்டான். அம்சவள்ளி கூடையை விட்டெறிந்துவிட்டு ஓடினாள். அவன் துப்பிக்கொண்டிருந்தான். தலைமுடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். வலியில் திறந்த வாயை அவனால் மூட முடியவில்லை.

பல்லெல்லாம் வெளுத்திருந்தது. காவி படிந்து கிடந்த பல்வரிசை அடையாளமே தெரியாமல் வெள்ளையாக இருந்தது. ஈறின் ஓரம், வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்நுனி மாதிரி வெளிறிச் சுருங்கியிருந்தது. அத்தனை வெள்ளைக்கு நடுவில், மேல்வரிசையில் முன்பல் ஒன்றின் பாதி மட்டும் பழுப்பேறி, அழுகினது போல் நின்றது.

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த படம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாயில் வெள்ளைத் திட்டு இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். சவரிமுத்துவைப் பார்க்கப் போன நாளெல்லாம் அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திருய்யா," என்றாள். ங்க போட்டுப் பேசுகிற பொறுமை அவளிடம் இல்லை. "டாக்டர் கிட்ட போலாம். எழுந்திரு."

"ஏய், அதெல்லாம் ஒண்ணும்..."

"எழுந்திருய்யான்றேன்!"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பாத்திக்காரர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். மேஸ்திரிகூட ஒன்றும் கேட்கவில்லை.

பல் டாக்டர் ரேணுகாவின் கிளினிக் மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் இருக்கிறது. சவரிமுத்து செத்த அடுத்த வருஷம் குழந்தைசாமியின் முன்பல் சொத்தையை அடைத்தது இந்த அம்மாதான். ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அம்சவள்ளி அவன் சட்டையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள், விட்டால் ஓடிவிடுவான் என்கிற மாதிரி. உப்பு காய்ந்து பொரிந்த கால்களோடு இருவரும் போய் நின்றபோது டாக்டர் அடையாளம் கண்டுகொண்டார். நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, ஈறைப் பார்த்தார்.

"ஐயா, என்ன போட்டீங்க இதுல?"

குழந்தைசாமி கூரையைப் பார்த்தான்.

"சொன்னாத்தானே வைத்தியம் பண்ண முடியும்? இது தானா வந்தது இல்ல. ஏதோ மருந்து பட்டு வெந்திருக்குது."

"சலூன்ல..." என்றான்.

"சலூன்ல முடிதானே வெட்டுவாங்க?" என்று குறுக்கிட்டாள் அம்சவள்ளி.

"புது சலூனுடி. ஈசிஆர் ரோட்டுல. சதீஷுன்னு ஒரு பையன். பல்லு வெளுத்துத் தர்றான். இன்னாவோ பசை மாதிரி தடவி, வாயில நீல லைட்டு காட்டினான் மேடம். கொஞ்சம்தான் வெளுத்துச்சு. மிச்சத்தக் குடுப்பா, நானே போட்டுக்கறேன்னு வாங்கியாந்துட்டேன்."

"எவ்வளவு நேரம் வச்சிருந்தீங்க?"

"அவன் கொஞ்ச நேரந்தான் சொன்னான்." குழந்தைசாமி மென்று முழுங்கினான். "மேடம், எங்க உப்பு எப்படின்னா, அவசரப்பட்டு வாரினா சேத்தோட கறுப்பா வரும். வெயில்ல நல்லா கிடந்து முத்தினாத்தான் வெள்ளை. பல்லும் அப்படித்தானேன்னு உட்டுட்டேன். லைட்டுக்கு எங்க போறது? கொட்டாய்க்குப் பின்னால மல்லாக்கப் படுத்து, வாயத் தொறந்து சூரியனக் காட்டினேன். மத்தியானம் முச்சூடும்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்சவள்ளிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டியது. உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. புடவைக்கு மேலே போட்டிருந்த பழைய சட்டையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கிழவனுக்குப் பவுசப் பாருங்க மேடம். நான் இன்னா இன்னாவோ நெனச்சு செத்துட்டேன். அப்போ இது அது இல்லீங்களே?"

"ஈறுல இருக்கிறது வெறும் புண்ணு அம்மா. சில நாள்ல தானா ஆறிடும். கூச்சம் ஏன்னா, அடைச்ச பல்லு ஓரத்துல மெல்லிசா இடைவெளி விட்டிருக்குது. மருந்து அது வழியா உள்ள நரம்பு வரைக்கும் போயிருக்குது. பழைய அடைப்பு இருக்கிறவங்க பல் டாக்டரப் பார்க்காம இதப் போடவே கூடாது. இதை எடுத்துட்டுப் புதுசா அடைக்கணும். இப்பவே முடியாது, வெளுத்த உடனே அடைச்சா சரியா ஒட்டாது. கொஞ்ச நாள் போகட்டும்."

"அந்தப் பல்லு மட்டும் ஏன் மேடம் பழுப்பா நிக்குது? அதுக்கும்தானே தடவியிருப்பாரு?"

"தடவினாலும் வெளுக்காதும்மா. மருந்து சொந்தப் பல்லைத்தான் வெளுக்கும். அடைச்ச பொருளை ஒண்ணும் பண்ணாது. வெளுக்கறதுக்கு முந்தின நாள் அது எந்த நிறத்துல இருந்துச்சோ, அதே நிறத்துலதான் நிக்கும்."

"நீங்க அடைச்சப்போ வெள்ளையா இருந்துச்சுங்களே. சின்னச் சின்னப் பல்லா வரிசையா வச்சுக் காட்டி, எந்த நிறம் பொருந்தும்னு என்னைக்கூடக் கேட்டீங்க. அந்த ஒண்ணுதான் வாயில பளிச்சுனு தெரியும். எம்பொண்ணு கிண்டல் பண்ணும்."

"ஆமா, வெள்ளையாத்தான் அடைச்சேன். அப்புறம் கறை ஏறியிருக்குது. டீ காப்பியில கொஞ்சம் ஏறும். இந்த அளவுக்கு ஏறணும்னா..." டாக்டர் குழந்தைசாமியைப் பார்த்தார். "போயில போடறீங்களா ஐயா?"

அவன் பதில் சொல்வதற்குள் அம்சவள்ளி முந்திக்கொண்டாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "இல்லீங்க மேடம். அவுரு தம்பி செத்தப்பவே உட்டாச்சு. குழியிலயே தூக்கிப் போட்டாரு. அதுக்கு அடுத்த வருஷந்தானே உங்க கிட்ட வந்து..."

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, அங்கேயே நின்றுவிட்டது. விட்டது முன்னே. அடைத்தது பின்னே. வெள்ளையாக அடைத்ததில் இத்தனை கறை எங்கிருந்து ஏறியது?

மாடிக்குக் கீழே பாண்டிக்குப் போகிற பஸ் ஆரன் அடித்துக்கொண்டே கிளம்பியது. குழந்தைசாமி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி படுத்திருந்தான். கண்ணோரம் தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது.

"எப்போலேர்ந்துய்யா?" என்றாள் அம்சவள்ளி.

"தம்பியோட முப்பதாம் நாள் பூசைக்குள்ளயே."

"அவன் குழி மண்ணு காயறதுக்குள்ள!"

"முடியல அம்சா. அளத்துல அவன் நின்ன பாத்தியில நான் ஒருத்தனா நிக்கணும். கை தானா மடிக்குப் போவும். வீட்டுக்கு வர்றப்போ உப்புத் தண்ணியில வாயக் கொப்பளிச்சு, கிராம்பு மென்னுட்டு வருவேன். பழைய கறைன்னு சொன்னேன், நீ நம்பிட்ட. செல்வி நம்பல. வந்து பார்த்தா கண்டுபிடிச்சிடும். குழந்தைய குடுக்க மாட்டேன்னு சொல்லுச்சா, அதான்... பல்லு வெள்ளையா இருந்தா அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டாளேன்னு."

அம்சவள்ளிக்கு அவனை அறைய வேண்டும் போல் இருந்தது. கை எழும்பவில்லை. இத்தனை வருஷமும் மற்ற பெண்களிடம் இவனைக் காட்டிக் காட்டிப் பேசியிருக்கிறாள், என் வீட்டுக்காரர் மாதிரி ஒரே நாளில் விடச் சொல்லுங்கடி என்று.

டாக்டர் இப்போது சிரிக்கவில்லை. "எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்று கேட்டார். அவன் விரலால் காட்டினான். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, அந்தப் பக்கக் கன்னத்தை விலக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். துணியை எடுத்து அங்கே துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அந்த அமைதியை அம்சவள்ளி முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறாள், பெரிய ஆஸ்பத்திரியில்.

"மேடம்..."

"இங்க ஒரு திட்டு இருக்குதும்மா. ஈறுல இருக்கிற மாதிரி இல்ல. துடைச்சா போகல. இது வெளுக்கிற மருந்தால வந்தது இல்ல."

"நான் பார்க்கணும்."

"அம்மா, நீங்க..."

"நான் பார்க்கணும் மேடம். எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு."

டாக்டர் விலகி இடம் விட்டார். அம்சவள்ளி குனிந்தாள். விளக்கு வெளிச்சத்தில் கன்னத்தின் உள்சதையில் சுண்ணாம்பு பூசிக் காய்ந்த சுவர் மாதிரி வெடித்து வெளுத்த ஒரு இடம். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். சவரிமுத்துவுக்கும் முதலில் அவ்வளவுதான் இருந்தது.

"எல்லாத் திட்டும் கெட்டதா மாறாது," என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "போயிலைய விட்டா சிலது அடங்கிடும். ஆனா கண்ணால பார்த்து எதுவும் சொல்ல முடியாது. சின்னதா சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தர்றேன். தள்ளிப் போடாதீங்க."

வெளியே வந்து மாடிப்படியில் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். எதிர்க் கடையில் யாரோ சர்பத் குடித்துக்கொண்டு சிரித்துப் பேசினார்கள்.

"எனக்குத் தெரியும்," என்றான் குழந்தைசாமி மெதுவாக. "பொங்கலுக்கே நாக்குல தட்டுப்பட்டுச்சு. சொரசொரன்னு."

"சொல்லலியே நீ."

"சொன்னா அது நெஜமாயிடுமே அம்சா."

அவள் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அதே கையால் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். படியேறிப் போன ஒரு பெண் ஒதுங்கி வழிவிட்டுப் போனாள். குழந்தைசாமி டாக்டர் கொடுத்த சீட்டைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் பயந்து அவள் பார்த்ததில்லை. புயலில் அளம் மொத்தமும் கரைந்தபோதுகூட, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் வாடி என்று கூழ் கேட்டவன்.

"குழந்தை பொறந்துடட்டும்," என்றான். "ஒரு தடவ கையில வாங்கிடறேன். அப்புறம் வர்றேன், எங்க வேணா வெட்டிக்கட்டும். செல்வி கிட்ட மட்டும் இப்போ சொல்லாத. நெறமாசக்காரி. அது எந்தம்பியப் பார்த்த பார்வையால என்னப் பார்க்கக் கூடாது."

நிறைமாதக்காரி என்பது அம்சவள்ளிக்கும் தெரியாதா? நேற்று அதை நினைத்துத்தானே அவளும் வாயை மூடிக்கொண்டாள். சொன்னால் மகளுக்கு என்ன ஆகுமோ. சொல்லாமல் ஒரு மாதம், இரண்டு மாதம் போனால் இவனுக்கு என்ன ஆகுமோ. இரண்டு பயத்தில் எந்தப் பயத்தைக் கையில் எடுப்பது? இந்த வீட்டில் ஆளாளுக்கு நல்லதுக்கென்று வாயை மூடியதில்தான் இவ்வளவும் வந்தது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. முந்தானையில் முடிந்திருந்த போனை எடுத்து மகளுக்கு அடித்தாள். மணி போகிற சத்தம் கேட்டதும் அவன் கையில் திணித்தாள்.

"நீயே சொல்லு."

"அம்சா, வேணாம்டி..."

"அம்மா?" என்றாள் செல்வி போனுக்குள். "அம்மா, இன்னா இந்நேரத்துக்கு? வேலைக்குப் போவலியா?"

குழந்தைசாமி போனைக் காதில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்சவள்ளிக்கு மகளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"யாரு, அப்பாவா? அப்பா? பேசுப்பா. அம்மாக்கு இன்னா ஆச்சு?"

"அம்மாக்கு ஒண்ணுமில்ல செல்வி," என்றான். "நான்... நான் உடலம்மா. உட்டேன்னு சொன்னது பொய்யி. உங்கிட்டத்தான் மொதல்ல சொல்லியிருக்கணும். வாயில ஒரு இது இருக்குதுன்னு டாக்டரம்மா சொல்லுது."

அம்சவள்ளி போன் பக்கமாகத் தலையைச் சாய்த்தாள். திட்டுவாள், ஓவென்று அழுவாள், போனை வைத்துவிடுவாள் என்று என்னென்னவோ நினைத்தாள்.

செல்வி அழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தப்பாவின் தலைமாட்டில் நின்று நர்சிடம் பேசுவாளே, அந்தக் குரல் வந்தது.

"எந்தப் பக்கம்பா?"

குழந்தைசாமி, மகள் எதிரில் நிற்பதுபோல் கையைத் தூக்கி இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினான்.